குப்பையில்லா முகாமில் ஒரு குப்பைப் பை

ஒரு குப்பைப் பையின் புகைப்படத்தைக் காலை வேளையில் உட்கார்ந்து அணு அணுவாகப் பார்ப்பதற்குச் சம்பளம் தருகிற அலுவலகம் சிங்கப்பூரிலேயே இது ஒன்றாகத்தான் இருக்கும் என்று அஃப்னாவுக்குத் தோன்றியது. அதுவும் அவளுடைய சொந்தக் கைபேசியில். பேட்டரி ஏற்கெனவே சிவப்புக்கு இறங்கியிருந்தது.

"பாஸ், இதுக்கு மேல பெரிசு பண்ணினா படத்துலேர்ந்து நாத்தம் வந்துடும்," என்றாள்.

துப்பறியும் ரத்னவேல் படத்தை இன்னும் கொஞ்சம் பெரிதாக்கினார். காப்புறுதி நிறுவனத்தில் பொய்க் கோரிக்கைகளைப் பிடித்துப் பிடித்துத் தலை நரைத்தவர். டன்லப் தெருவில் ஒரு புடவைக் கடைக்கு மேலே இந்த அறையை எடுத்து, தனியாகத் தொழில் தொடங்கிய பிறகு, காணாமல் போன பூனை, காணாமல் போன புருஷன் என்று எது வந்தாலும் ஒரே நிதானத்துடன் பார்ப்பார். குப்பையையும் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

எதிரே உட்கார்ந்திருந்த ஹஸீனா, கொடுத்த தேநீரைத் தொடவே இல்லை. உயர்நிலைப் பள்ளி ஒன்றில் ஒப்பந்த அடிப்படையில் தமிழாசிரியை. ஜூன் விடுமுறைக்குத் தன் மாணவர்களை அழைத்துக்கொண்டு, செம்பவாங் கடற்கரைக்குப் பக்கத்தில் நடக்கும் 'பசுந்துளிர்' சுற்றுச்சூழல் முகாமுக்குப் போயிருக்கிறாள். மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்குமான பகல் நேர முகாம். இன்றோடு முடிகிறது.

அந்த முகாமுக்கு ஒரே பெருமை, அங்கே குப்பையே கிடையாது என்பது. பெயருக்குக்கூட ஒரு குப்பைத்தொட்டி இல்லை. மதியச் சாப்பாட்டின் மிச்சத்தை எல்லாம் 'மண்மகள்' என்று பெயர் சூட்டப்பட்ட ஓர் இயந்திரம் ஒரே இரவில் உரமாக்கிவிடும். அப்படித்தான் அழைப்பிதழில் அச்சிட்டிருந்தார்கள். அழைப்பிதழுக்கு பிளாஸ்டிக் உறை போட்டிருந்தார்கள்.

"அந்த முகாமோட சாப்பாட்டுக் குப்பை எங்க அடுக்குமாடி புளோக்குக்குக் கீழ எப்படி வந்துச்சுன்னு எனக்குத் தெரியாது சார்," என்றாள் ஹஸீனா. "எங்க குவீன்ஸ்டவுன்ல யாரோ படம் எடுத்து வாட்ஸ்அப்ல விட்டுட்டாங்க. மைனா கிழிச்ச பை. உள்ள முகாம் பேட்ஜ் வேற கிடக்கு. பாலகிருஷ்ணன் சார் என்னைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை விசாரிக்கல. அந்தப் பக்கம் குடியிருக்கிறது நான் ஒருத்திதான், அதனால நான்தானாம்."

பாலகிருஷ்ணன் என்பவர் முகாமின் தலைவர் என்பதையும், இன்று மதியம் நிறைவு விழாவில் ஹஸீனா மேடையேறி மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று அவர் உத்தரவிட்டிருப்பதையும் அவள் சொல்லி முடித்தாள். மன்னிப்பு வாசகத்தைக்கூட அவரே எழுதிக் கொடுத்திருந்தார். அஃப்னா அதை வாங்கி வாசித்தாள்.

"'முகாமின் புனித நோக்கத்துக்கு மாறாக நான் நடந்துகொண்டேன். என்னை நம்பிய மாணவர்களை ஏமாற்றினேன். பிறருக்கு வழிகாட்ட வேண்டிய இடத்தில் இருந்துகொண்டு இதைச் செய்ததற்காக வெட்கப்படுகிறேன்.' தமிழ் நல்லாத்தான் இருக்கு டீச்சர். தப்பு செய்யலைன்னாலும் படிக்கணும்போல இருக்கு."

ரத்னவேல் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். அஃப்னா வாயில் ஒரு புளிப்பு மிட்டாயைப் போட்டு அடைத்துக்கொண்டாள்.

"படிக்கலைன்னா பள்ளிக்கு எழுதுவாராம். அடுத்த மாசம் என் கான்ட்ராக்ட் முடியுது," என்றாள் ஹஸீனா. "வேலை போனா வேற தேடிக்கலாம் சார். ஆனா என் பிள்ளைங்க எல்லாம் கீழ உட்கார்ந்திருப்பாங்க. அவங்க முன்னாடி இதைப் படிச்சிட்டு, அப்புறம் எந்த வகுப்புல நின்னு நான் எதைச் சொல்றது?"

"அஃப்னா, பையோட வாயைப் பார்," என்றார் ரத்னவேல்.

அஃப்னா பார்த்தாள். மிட்டாய் கன்னத்தில் அப்படியே நின்றது.

"பாஸ், இது தே கட்டு."

"விளக்கமாச் சொல்."

"குப்பை கட்டறவங்க பையோட ரெண்டு காதையும் பிடிச்சு இழுத்து முடிச்சுப் போடுவாங்க. இதைக் கட்டினவரு இளஞ்சிவப்பு ராஃபியா நாடாவைச் சுத்தி, மேல விரல் மாட்டிக்க ஒரு வளையம் விட்டிருக்காரு. கடையில சூடாத் தேத்தண்ணி பையில ஊத்தி இப்படித்தான் கட்டிக் கொடுப்பாங்க. எங்க அத்தா கடையில நானே ஆயிரம் கட்டியிருப்பேன். தேத்தண்ணிக்கு வளையம் வேணும், சிந்திடும். குப்பைக்கு எதுக்கு வளையம்? அது கைப்பழக்கம். மூளைக்குத் தெரியாம விரல் செய்யற வேலை."

"டீச்சர், நீங்க எப்பவாவது கடையில வேலை பார்த்திருக்கீங்களா?" என்று கேட்டார் ரத்னவேல்.

"எனக்கு பலூன்கூடக் கட்டத் தெரியாது சார்."

ரத்னவேல் எழுந்து குடையை எடுத்தார். அவர் குடையை எடுத்தால் வழக்கு நகர ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.

*

முகாம் வாசலில் ஐந்து பேருந்துகள் நின்றன. உலகம் சூடாவதைப் பற்றி உள்ளே பாடம் நடந்துகொண்டிருக்க, வெளியே ஐந்தும் எஞ்சினை அணைக்காமல் குளிர்சாதனத்தை ஓடவிட்டுக் காத்திருந்தன.

மண்டபத்துக்குள் நுழைந்ததும் அஃப்னாவின் பல் தந்தியடித்தது. அங்கே இருந்த குளிரில் மீனைப் பரப்பி வைத்தால் ஒரு வாரம் கெடாது. அதனால் எல்லோருக்கும் பச்சை நிறக் கம்பளிச் சட்டை கொடுத்திருந்தார்கள். ஒவ்வொரு சட்டையின் முதுகிலும் 'பூமி கொதிக்கிறது' என்று எழுதியிருந்தது. கொதிக்கிற பூமியைச் சுமந்தபடி மாணவர்கள் கைகளைத் தேய்த்துக்கொண்டு திரிந்தார்கள்.

அவளுக்கு உடனடியாக இரண்டு கவலைகள். ஒன்று, கையில் இருந்த மிட்டாய்க் காகிதம். முன் வரிசையில் இருந்த ஒரு மாணவியிடம் தொட்டி எங்கே என்று கேட்டாள்.

"இங்க குப்பையே கிடையாது லா அக்கா," என்றாள் அந்தப் பெண் பெருமையாக. "வீட்டுக்குக் கொண்டு போய்ப் போடுங்க."

இன்னொன்று, சாகக் கிடந்த கைபேசி. சுவரில் இருந்த ஒவ்வொரு மின்துளையிலும் யாரோ ஒருவருடைய சார்ஜர் குடியேறியிருந்தது. கடைசி மூலையில், மாலை போட்டு, பொட்டு வைத்து, எலுமிச்சம்பழம் செருகி நின்ற ஓர் இரும்புப் பெட்டியின் பக்கத்தில் மட்டும் ஒன்று காலியாக இருந்தது. அதில் கைபேசியைச் செருகிவிட்டு நிமிர்ந்தபோது, ஒரு பெரியவர் இரு கைகளையும் கூப்பியபடி வந்துகொண்டிருந்தார்.

"வருக, வருக. இதுதான் எங்கள் மண்மகள்," என்றார் பாலகிருஷ்ணன். மேடையில் இல்லாதபோதும் மேடையில் இருப்பது போலவே பேசுகிற மனிதர். அவர்கள் யார் என்றுகூடக் கேட்கவில்லை. பார்க்க வந்தவர்களுக்கு இயந்திரத்தைக் காட்டுவது அவருக்கு அவ்வளவு பிடித்திருந்தது. "நேற்றைய உணவு, இன்றைய உரம். கண்ணால் காணுங்கள்."

இயந்திரம் ஒரு குளிர்ப்பெட்டி அளவு இருந்தது. நெற்றியில் பச்சை விளக்கு ஒன்று மின்னி மின்னி அணைந்தது. அடித்தட்டை அவர் இழுத்தார். கறுப்பாக, உதிரி உதிரியாக, மழை பெய்த தோட்டத்தின் வாசனையோடு உரம் இருந்தது. ரத்னவேல் ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் பரப்பினார். நடுநடுவே சின்னச் சின்ன வெள்ளை உருண்டைகள்.

"ஜவ்வரிசியா பாஸ்?" என்றாள் அஃப்னா மெல்ல.

"அது நுண்ணுயிர்களின் உழைப்பு," என்றார் பாலகிருஷ்ணன்.

"நேத்து என்ன சாப்பாடுங்க?" என்று கேட்டார் ரத்னவேல்.

"காய்கறிப் பிரியாணி, முருங்கைக்காய் சாம்பார். தினமும் முருங்கைக்காய் உண்டு. நம் மரபுக் காய் அல்லவா?"

"அருமை," என்றார் ரத்னவேல். உள்ளங்கையில் இருந்ததை ஒரு பருக்கை சிந்தாமல் திரும்பத் தட்டில் கொட்டினார். பிறகு அஃப்னாவின் காதருகே குனிந்தார். "இத்தனை பேர் முருங்கைக்காய் மென்று துப்பியிருக்காங்க. இதுல ஒரு நார் இல்ல. பிரியாணியில எல்லாரும் ஒதுக்கி வைக்கிற பட்டை, கிராம்பு எதுவுமே இல்ல. படத்துல இருக்கிற பையில எல்லாம் இருந்துச்சு."

"அப்ப இந்த உரம்?"

"செடி விக்கிற கடையில மூட்டையா கிடைக்கும். வேர் மூச்சு விடறதுக்கு அந்த வெள்ளை உருண்டையைக் கலப்பாங்க. சமையலறைப் பக்கம் வா."

*

மண்டபத்தின் பின்புறம் சமையலறை. அங்கே ஹஸீனா முன்பே வந்து ஒரு தூணோரம் நின்றிருந்தாள். கேட்டரிங் நடத்தும் யாக்கூப் பெரிய அண்டாவிலிருந்து கரண்டியால் ரசத்தை மொண்டு மொண்டு பைகளில் ஊற்றிக்கொண்டிருந்தார். இடுப்பில் ஒரு ராஃபியா உருண்டை தொங்கியது. இளஞ்சிவப்பு.

"நானா, எனக்கு ஒரு ரசம்," என்றாள் அஃப்னா, அண்ணனைக் கூப்பிடுகிற உரிமையோடு.

யாக்கூப் அவள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. பையைத் திருகி, நாடாவைச் சுற்றி, ஒரு இழுப்பு இழுத்து, வளையம் விட்டுக் கொடுத்தார். அஃப்னா அதை விரலில் மாட்டி ஆட்டிப் பார்த்தாள்.

"கடை வச்சிருந்தீங்களா நானா?"

"தேக்கா மார்க்கெட்டுல தேத்தண்ணிக் கடை. முட்டி வலி வந்ததும் விட்டுட்டேன்."

"குவீன்ஸ்டவுன் குப்பைப் பையையும் இப்படித்தான் விரல்ல மாட்டிக்கிட்டுப் போனீங்களா?"

கரண்டி அண்டாவின் விளிம்பில் நின்றது. யாக்கூப் பொய் சொல்லத் தயாராகிற மாதிரி ஒரு கணம் தெரிந்தது. அப்புறம் அது அவருக்கே அலுப்பாக இருந்திருக்க வேண்டும்.

"குவீன்ஸ்டவுன் மட்டுமா? ஒரு நாள் பிடோக், ஒரு நாள் இங்கேயே செம்பவாங். சாயங்காலம் டிபன் டெலிவரி எங்க போகுதோ அங்க இறக்கிடுவேன். மிசின் நெறைஞ்சு போச்சு, மிச்சத்தை வெளிய கொண்டு போயிடுங்கன்னு பாலகிருஷ்ணன் சார்தான் சொன்னாரு. இங்க தொட்டி இல்லையே, நான் எங்க போடுவேன்?"

"தினமும் நிறைஞ்சுடுமா?" என்று கேட்டார் ரத்னவேல்.

"தினமும்தான்."

"எவ்வளவு மிச்சம் இருக்கும்?"

யாக்கூப் யோசித்தார். "எல்லாமே மிச்சம்தாங்க."

ஹஸீனா தூணை விட்டு நகர்ந்து வந்தாள். "நானா, அன்னிக்கு மழைன்னு என்னை வேன்ல ஏத்திட்டு வந்து வீட்டுல விட்டீங்களே..."

"உன்னை முன்பக்கம் இறக்கிட்டு, பின்பக்கம் போய்ப் பையை இறக்கினேன்." சொல்லும்போதே அவருக்கு அவள் முகத்திலிருந்து ஏதோ புரிந்தது. "யாரோ ஒரு டீச்சர் மாட்டிக்கிட்டாங்கன்னு பேசிக்கிட்டாங்க. அது நீயாம்மா? அடுப்படியில நிக்கிறவனுக்கு யார் என்னன்னு சொல்றா? இரு, நான் வந்து மேடையில சொல்றேன்."

"வேணாம் நானா. நீங்க சொன்னா, அந்தப் பேப்பரை உங்க கையில கொடுத்துப் படிக்கச் சொல்வாரு. அப்புறம் உங்களுக்கு எவன் ஆர்டர் கொடுப்பான்?"

அப்போது ஒலிபெருக்கி இரைந்தது. நிறைவு விழா தொடங்குவதாகவும், இயந்திரத்தை நன்கொடையாக வழங்கிய நிறுவனத்தின் மேலாளர் நிரஞ்சனா மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு வந்துவிட்டதாகவும் அறிவித்தது. ஹஸீனா கையிலிருந்த தாளை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

அஃப்னாவுக்கு எரிச்சலாக இருந்தது. குற்றவாளி கிடைத்தாயிற்று, ஆனால் அவரைக் காட்டிக்கொடுக்க முடியாது. உரம் கடைச் சரக்கு என்றால், பாலகிருஷ்ணன் அது நுண்ணுயிர்களின் உழைப்பு என்று இன்னொரு முறை சொல்வார்.

"பாஸ், ஒரு போட்டோகூட எடுக்காம விட்டோமே."

"ஆமாம், உன் ஃபோன் எங்கே?" என்றார் ரத்னவேல்.

"சார்ஜுல."

"எங்க போட்ட?"

"அதான் அந்த மண்மகளுக்குப் பக்கத்துல. அந்த மூலையில அது ஒண்ணுதான் இருந்துச்சு. நல்லவேளை காலியா..."

அஃப்னா வாக்கியத்தை முடிக்கவில்லை. ரசப் பை விரலில் அசையாமல் தொங்கியது.

"காலியா இருந்துச்சு," என்று ரத்னவேல் அவளுக்காக முடித்துக் கொடுத்தார். "ராத்திரி பூரா ஓடற மிசின் எதுல ஓடுதுன்னு நீ வந்ததுமே கண்டுபிடிச்சிட்டே. உனக்குத்தான் தெரியல." பிறகு ஹஸீனாவின் பக்கம் திரும்பினார். "டீச்சர், மேடைக்குப் போங்க. அந்தத் தாளைக் கையிலயே வச்சுக்குங்க. ஆனா முதல்ல வேற ஒண்ணு கேளுங்க."

*

பாலகிருஷ்ணன் அரை மணி நேரம் சுருக்கமாகப் பேசினார். ஒரு துளிக் குப்பைகூட வெளியே போகாத முகாம் என்று மூன்று இடத்தில் கைத்தட்டல் வாங்கினார். பிறகு குரலைத் தாழ்த்தி, ஒரே ஒரு கரும்புள்ளி உண்டு என்றும், அதைத் துடைக்க ஓர் ஆசிரியை முன்வந்திருக்கிறார் என்றும் சொல்லி ஹஸீனாவை அழைத்தார்.

ஹஸீனா ஒலிவாங்கி முன் நின்றாள். பின்வரிசையில் அவளுடைய மாணவர்கள் கம்பளிச் சட்டைக்குள் தலையைப் புதைத்துக்கொண்டிருந்தார்கள்.

"படிக்கிறதுக்கு முன்னாடி ஒரு வேண்டுகோள்," என்றாள். "இந்த இயந்திரத்தைக் கொடுத்தவங்களே வந்திருக்காங்க. மேடம் இப்பதான் சாப்பிட்டாங்க. அவங்க தட்டுல இருக்கிற முருங்கைக்காய்ச் சக்கையை அவங்க கையாலேயே மண்மகளுக்குள்ள போட்டு, பொத்தானை அழுத்தினா எங்க பிள்ளைங்க பார்ப்பாங்க. இத்தனை நாள்ல அது ஓடி நாங்க யாரும் பார்த்ததில்லை."

மாணவர்கள் கைதட்டினார்கள். நிரஞ்சனாவும் சந்தோஷமாக எழுந்துவிட்டாள். தன் நிறுவனத்தின் இயந்திரத்தை அழுத்த மாட்டேன் என்று யார் சொல்வார்கள்? பாலகிருஷ்ணன் மட்டும் "நேரமாகிறது, நேரமாகிறது" என்றபடி பின்னாலேயே ஓடினார்.

சக்கை உள்ளே விழுந்தது. நிரஞ்சனா பொத்தானை அழுத்தினாள். பச்சை விளக்கு எப்போதும் போல மின்னியது. வேறு ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அழுத்தினாள்.

"கரண்ட் இல்லையா?" என்றாள்.

"மன்னிக்கணும் மேடம், பாயிண்ட்டை நான் எடுத்துக்கிட்டேன்," என்று அஃப்னா பணிவாக முன்னால் வந்தாள். தன் சார்ஜரைக் கழற்றினாள். "இப்ப மிசினைப் போடலாம்." இயந்திரத்தின் பின்னால் கைவிட்டு ஒயரைப் பிடித்து இழுத்தாள்.

வந்தது ஒரு சிவப்பு பிளக். தேங்காய் மூடி அளவு, உள்ளே ஐந்து கால். தொழிற்சாலையில் சுற்றிய பிளாஸ்டிக் உறைகூட இன்னும் பிரிக்கப்படவில்லை. அதைச் சுவரில் இருந்த சின்ன மூன்று துளைகளுக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். யானையை லிஃப்டில் ஏற்றுகிற மாதிரி இருந்தது. பிறகு பச்சை விளக்கைத் தொட்டாள். அது கையோடு கழன்று வந்தது. தீபாவளிக்குத் தேக்காவில் விற்கும் பேட்டரி விளக்கு.

மண்டபத்தில் குளிர்சாதனத்தின் உறுமல் மட்டும் கேட்டது. இத்தனை நாளும் எல்லோரும் மண்மகளின் உறுமல் என்று நினைத்தது அதைத்தான்.

"சார்," என்றாள் நிரஞ்சனா, "இதுக்கு ஃபேக்டரி கரண்ட் வேணும், உங்க ஹால்ல இருக்கான்னு நாங்க எத்தனை தடவை கேட்டோம். நீங்க ஒவ்வொரு தடவையும் 'கேன், கேன், முடியும்'னு பதில் போட்டிருந்தீங்களே."

பாலகிருஷ்ணன் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார். அந்தக் குளிரில் வியர்த்த ஒரே மனிதர் அவர்தான். "நன்கொடை தருகிறவர்களிடம் முடியாது என்று எப்படிச் சொல்வது?" என்றார் கம்மிய குரலில். ஆனால் பழகிய மேடை அவரைக் கைவிடவில்லை. சட்டென்று நிமிர்ந்தார். "அன்பர்களே, இந்த முகாம் முழுவதும் மண்மகள் ஒரு துளி மின்சாரத்தைக்கூடப் பயன்படுத்தவில்லை. இதைவிடப் பசுமை வேறு உண்டா?"

பழக்க தோஷத்தில் இரண்டு மூன்று ஆசிரியர்கள் கைதட்டினார்கள். பக்கத்தில் இருந்தவர்கள் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்கள்.

"மேலும் இது ஒரு சோதனை," என்று அவர் தொடர்ந்தார். "கேள்வி கேட்கும் துணிச்சல் யாருக்கு உண்டு என்று அறிய நாங்கள் வைத்த சோதனை. அதில் ஹஸீனா ஆசிரியை வெற்றி பெற்றிருக்கிறார்."

"எவ்வளவு அழகா ஏணி போட்டு இறங்கறாரு," என்று முணுமுணுத்தாள் அஃப்னா.

ஹஸீனா ஒலிவாங்கியை விட்டு நகரவில்லை.

"நான் சோதனை எதுவும் எழுதல சார்," என்றாள். "குப்பையை எடுத்துட்டுப் போனவர் நீங்க சொன்னதைச் செஞ்சார். நான் அதுகூடச் செய்யல. ஒரு மன்னிப்புக்காகத்தான் இவங்க எல்லாரையும் உட்கார வச்சிருக்கீங்க. அதை முடிச்சிடலாம்." அந்தத் தாளை அவர் கையில் கொடுத்தாள். "நீங்க எழுதினதுதான். ஒரு எழுத்தும் மாத்த வேண்டாம்."

பாலகிருஷ்ணன் தாளைப் பார்த்தார். எங்காவது ஒரு சொல் தனக்குப் பொருந்தாமல் போகுமா என்று தேடினார். நல்ல தமிழில், நிதானமாக யோசித்து எழுதியது, எல்லாமே பொருந்தியது. நிரஞ்சனா கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தாள். கம்பளிச் சட்டைகளுக்குள்ளிருந்து தலைகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன.

அவர் வாசித்தார். "முகாமின் புனித நோக்கத்துக்கு மாறாக நான் நடந்துகொண்டேன். என்னை நம்பிய மாணவர்களை ஏமாற்றினேன்..." வெட்கப்படுகிறேன் என்ற இடத்தில் மட்டும் குரல் கொஞ்சம் இறங்கியது. இதுவரை அவர் பேசியதிலேயே மிகச் சுருக்கமான உரை அதுதான்.

முதலில் கைதட்டியது ஹஸீனாவின் மாணவர்கள். அது அவருக்காக இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்தது. சமையலறை வாசலில் யாக்கூப் கரண்டியோடு நின்றிருந்தார்.

பாலகிருஷ்ணன் தாளை நான்காக மடித்துக் கசக்கினார். மேடையின் இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார். படியிறங்கி, தூணுக்குப் பின்னாலும் எட்டிப் பார்த்தார்.

முன்வரிசை மாணவிக்கு அவர் தவிப்பு புரிந்துவிட்டது.

"சார், இங்க கிடையாது லா," என்றாள் உதவும் குரலில். "வீட்டுக்குக் கொண்டு போய்ப் போடுங்க."